திரையரங்கும் வீட்டுச் சந்தாவும்

திரைப்படத்தை அதன் உள்ளடக்கங்கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அது எங்கு, எவருடன் பார்க்கப்படுகின்றது என்பதும் ஆய்வுக்குரியதாகும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகைக் களம் திரையரங்கே என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் வெளிவந்த தமது ஆய்விற் சுட்டிக்காட்டினார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப்படிநிலையன்று, நுழைவுச்சீட்டின் விலையே.

இக்கருத்தின் ஒளியில், ஐக்கிய அமெரிக்காவிற் பெருவளர்ச்சி கண்ட வீட்டுச் சந்தாமுறையை நோக்குவோம். நெற்பிளிக்ஸ் நிறுவனம் 1999 இல் மாதச் சந்தாவுக்குத் தபால்வழி இறுவட்டுக்களை வாடகைக்கு வழங்கத் தொடங்கிற்று. உள்ளூர் அரங்குகளுக்கு வாராத பழைய படங்களும் பிறநாட்டுப் படங்களும் இதனாற் சிற்றூர்வாசிக்கும் எட்டின என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், 2007 இல் அந்நிறுவனம் இணையவழிக் காட்சியைத் தொடங்கியது. 2023 செப்ரெம்பரில் இறுவட்டுச் சேவையை முற்றாக நிறுத்தியது. எப்படம் பட்டியலில் இருத்தல் வேண்டும், எது நீங்குதல் வேண்டும் என்பதை உரிமையாளரே முடிவுசெய்கின்றனர்.

அரங்கிலே ஒருசேரச் சிரித்தும் கூச்சலிட்டும் தீர்ப்பளித்த கூட்டம், இங்கு தனித்தனி வீடுகளிற் சிதறிக் கிடக்கின்றது. சந்தாவை நிறுத்துவதொன்றே அதன் எதிர்ப்பு. அதுவும் தனியொருவரின் எதிர்ப்பே. பணத்தின் ஆட்சி எஞ்சியுள்ளது, பொதுக்கூரை எஞ்சவில்லை. வசதியென நாம் வரவேற்பது இவ்விழப்பையும் உள்ளடக்கியதே.