நம்பர் வரும், பேச்சு வராது

புது ஸ்மார்ட்போன் பற்றி எழுதப்படும் விமரிசனங்கள் எல்லாம் ஒரே அச்சு. கேமரா எத்தனை மெகாபிக்ஸல், பாட்டரி எத்தனை மணி நேரம், இந்த விலைக்கு இப்போதே வாங்கலாமா, தீபாவளி வரை பொறுக்கலாமா. பழைய போனிலிருந்து புதுசுக்குக் குடிபோவது எப்படி இருக்கிறது என்று யாரும் மார்க் போடுவதில்லை. வீடு மாற்றும்போது புது வீட்டின் டைல்ஸை மட்டும் பார்த்துவிட்டு, சாமான் ஏற்றும் வண்டியை மறந்துபோவதைப் போல.

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "தம்பி, இதுல இருக்கறதெல்லாம் அதுல வந்துருமா?" தம்பி சளைக்காமல் சொல்வார்: "எல்லாம் வந்துரும் சார்." அந்த 'எல்லாம்' என்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பேசுவதை விட்டுவிட்டால் போனில் நாம் முக்கியமாகச் செய்வது மூன்று காரியம்: மெயில், ப்ரவுஸிங், மெஸேஜ்.

முதலில் மெயில். 1971-ல் ரே டாம்லின்ஸன் என்கிற அமெரிக்க எஞ்சினியர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே '@' குறியைப் போட்டவர் அவர்தான். கடிதத்தை எப்படிக் கைமாற்றுவது என்ற விதிகளை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிப் பொதுவில் வைத்தார். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. அதனால்தான் ஜிமெயில்காரர் யாஹூகாரருக்கு எழுத முடிகிறது. புது போனில் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் பதினைந்து வருஷத்துக் கடுதாசியும் காபி ஆறுவதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். மார்க் 90. பாக்கிப் பத்து ஏன் குறைந்தது என்றால், 'இது நீங்கள்தானா?' என்று சந்தேகப்பட்டு ஒரு ரகசிய எண்ணை அனுப்புவார்கள். சில சமயம் அது நீங்கள் இப்போதுதான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்த பழைய போனுக்குப் போகும்.

அடுத்து ப்ரவுஸிங். 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம், தன்னிடம் பிறந்த வலையை யாரும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. ஐபோனானாலும் ஆண்ட்ராய்டானாலும் ஒரே முகவரி, ஒரே பக்கம்.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சௌகரியம் சும்மா வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா? 2000-த்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையின் இணையதளத்துக்கும் ஒரு தனி ஃபாண்ட். அதை இறக்கிப் போடாவிட்டால் தலையங்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளைத் தரப்படுத்தியும் பூச்சிகள் போகவில்லை. ஒரு குறிமுறையில் அடித்த கதை இன்னொன்றில் திறக்காது. எழுதியது நாம், சாவி ஃபாண்ட் செய்தவரிடம். பழைய போன்களில் நிலைமை இன்னும் மோசம். வெறும் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினி ப்ரவுஸர் தமிழ் எழுத்துக்களைப் படமாக்கி அனுப்பி ஒருவாறு சமாளித்தது. பிறகு யூனிகோட் பரவியது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. இன்று நீங்கள் தட்டுகிற 'அ' எந்தக் கம்பெனி போனிலும் 'அ'தான். ப்ரவுஸிங்குக்கு 85.

மூன்றாவது மெஸேஜ். இங்கேதான் மாணவர் ஃபெயில்.

எஸ்.எம்.எஸ். ஓரளவு நல்ல பிள்ளை. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதல் எஸ்.எம்.எஸ். போனது. எந்தக் கம்பெனி சிம்மிலிருந்தும் எந்தக் கம்பெனிக்கும் போகும். ஆனால் பொங்கல், தீபாவளி என்றால் இலவச எஸ்.எம்.எஸ். செல்லாது, முழுக் கட்டணம் என்று நம் கம்பெனிகள் அடித்த கொள்ளையில் ஜனங்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். அந்தச் சமயத்தில் 'வாங்க, எல்லாமே ஃப்ரீ' என்று வாட்ஸ்அப் கூப்பிட்டதும் அத்தனை பேரும் போய்விட்டோம். உள்ளே போகும் வழி ரொம்ப அகலம். வெளியே வரும் வழியை யாரும் விசாரிக்கவில்லை.

வாட்ஸ்அப் 2009-ல் ஆரம்பித்தது. ஐபோனில் பேசிய பழைய பேச்சை ஆண்ட்ராய்டுக்கு எடுத்துப்போக அவர்களே ஒரு வழி செய்து கொடுத்தது 2021-ல், அதுவும் முதலில் சில சாம்சங் போன்களுக்கு மட்டும். எதிர்த் திசையில், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு, 2022-ல். அப்போதும் ஒரு நிபந்தனை: ஐபோன் புத்தம் புதிதாக இருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் அழித்துத் துடைத்திருக்க வேண்டும். இதற்கு முன் இருந்த பிளாக்பெர்ரி மெஸெஞ்சரின் கதை இன்னும் சோகம். ஒரு காலத்தில் அதன் 'பின்' நம்பர் விசிட்டிங் கார்டில் ஏறுகிற அளவுக்கு அந்தஸ்து. 2019 மே 31-ல் பொதுஜனங்களுக்கான சேவையை மூடினார்கள். கடை மூடினால் மளிகைக்காரர் அரிசியைத்தான் எடுத்துப்போவார். இவர்கள் நம் பேச்சையும் சேர்த்து மூட்டை கட்டினார்கள்.

இதில் விசித்திரம், நம்பர் விஷயத்தில் நமக்கு உரிமை இருக்கிறது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். PORT என்று அடித்து, நம்பரைச் சேர்த்து, 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி ஆரம்பிக்கலாம். கம்பெனிகள் ஆசைப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை இது. டிராய் விதி போட்டு வாங்கிக் கொடுத்தது. பத்து இலக்கத்துக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, அந்த நம்பரில் பேசிய பேச்சுக்கு இல்லை.

என் நண்பர் ஒருவர் இரண்டு போன் வைத்திருக்கிறார். பிசினஸ்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், ரிட்டயர்டு வாத்தியார். 2019-ல் பிள்ளை ஒரு புது போன் அனுப்பியபோது அதில் புது நம்பர் போட்டுக்கொண்டார். பழைய போன், பழைய நம்பரோடு பீரோவில் இருக்கிறது. அதில் ஒரு மெஸேஜ் ஆப்பில் காலமான அவருடைய அப்பாவின் குரல் முப்பதோ நாற்பதோ துண்டுகளாக இருக்கிறது. "சாப்டியாடா? மருந்து வாங்கிட்டேன், நீ அலையாதே." புது போனுக்கு அது வரவில்லை. நம்பரைக் கொண்டுபோனால் பழைய போனில் ஆப் நின்றுவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அதனால் அந்த சிம்முக்கு விடாமல் ரீசார்ஜ் செய்கிறார். "அப்பாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பறேன்னு வெச்சுக்குங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 2016-லிருந்து வாட்ஸ்அப் பேச்சுக்கு இருமுனையிலும் பூட்டு. போகிற வழியில் கம்பெனியே படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. அதனால் இடம் மாற்றுவது கஷ்டம் என்கிறார்கள். கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை. பூட்டையும் வைத்துக்கொண்டே 2021-லும் 2022-லும் செய்து காட்டியவர்களும் அவர்களேதான். ஐரோப்பாவில் சட்டம் போட்டு, கேட்கிற மற்ற மெஸேஜ் கம்பெனிகளோடும் பேச வழி செய் என்று 2024 மார்ச் முதல் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஃபாண்ட் விஷயத்தில் யூனிகோட் வந்ததைப் போல மெஸேஜுக்கும் ஒரு பொது விதி வரும்வரை 35 மார்க்குக்கு மேல் போட எனக்கு மனசில்லை.

அதுவரை என்ன செய்யலாம்? புது போன் வாங்கப் போவதற்கு முந்தின நாள், முக்கியமான ஒருவருடைய பேச்சை மட்டுமாவது திறந்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' என்று இருப்பதைத் தட்டுங்கள். எழுத்தெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வரும். குரலும் படமும் வேண்டுமென்றால் சேர்த்துக் கேட்கலாம். திரும்ப ஆப்புக்குள் போகாது. ஆனால் எந்தப் போனிலும், எத்தனை வருஷம் கழித்தும் திறக்கும்.

அதை எங்கே அனுப்பட்டும் என்று கேட்கும். உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.