திரைக்கு முன்னால யாரோட உட்காருறோம்?

நடிகனுக்குக் கைதட்டிய சனம் இன்றைக்கு இயக்குநருக்குக் கைதட்டுகிறது. பா. இரஞ்சித், மாரி செல்வராஜ் பெயர்கள் திரையில் விழும்போது எழும் விசில் வெறும் விசிலல்ல. நம்ம ஆளு நம்ம கதையைச் சொல்றான் என்கிற திமிரு அது. இருக்கட்டும்.

2021இல், கொரோனா காலத்தில், 'சார்பட்டா பரம்பரை'யும் 'ஜெய் பீம்'மும் தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தன. மடவார் வளாகத்தில் இருப்பவரும் மலேசியாவில் இருப்பவரும் ஒரே ராத்திரியில் செல்போனில் பார்த்துப் பேசிக்கொள்ள முடிந்தது. நல்லதுதான். ஆனால் அங்கே கூடியது யாரு? ஏற்கெனவே ஒத்துப்போனவர்கள். 2018இல் 'பரியேறும் பெருமாள்' ஓடியபோது, கடைசியில் வரும் அந்த இரண்டு டீ கிளாசையும் நடுவில் இருக்கும் பூவையும் ஊரும் சேரியும் ஒரே இருட்டில் உட்கார்ந்து பார்த்தன. எழுந்து போனாலும் நாலு பேர் பார்ப்பார்கள். செல்போனில் அந்தச் சங்கடமே இல்லை, பிடிக்காதவன் விரலால் தள்ளிட்டுப் போயிடுறான்.

கொண்டாட்டம் கேள்வியையும் அமுக்கிவிடுகிறது. 'ஜெய் பீம்' கதைக்கு மூலம், 1993இல் கம்மாபுரம் போலீஸ் அடித்துக் கொன்ற ராஜாகண்ணுவின் வழக்கு. ராஜாகண்ணு குறவர். படத்தில் இருளர் ஆகிவிட்டார். இருளர் படும் பாடு பொய்யில்லை. ஆனால் குற்றப்பரம்பரைச் சட்டம் குறவர்மீது குத்திய திருட்டு முத்திரை, சட்டம் போன பின்னும் போலீஸ் மண்டையை விட்டுப் போகவில்லையே. அந்த வரலாறு படத்தில் எங்கே போச்சு? இயக்குநர் த.செ. ஞானவேலைப் பாராட்டி எழுதிய நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டோம்? குறவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அன்றைக்கு நம்மோடு உட்கார்ந்து பார்த்திருந்தால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.