இரட்சிப்பு என்னுஞ் சொல்லும் அதன் பொருளும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தே தெப்பக்குளத்தைச் சுற்றி வருவோர், மேலே தாயுமானப் பெருமான் திருக்கோயிலையும் கீழே கிறிஸ்தவ ஆலயங்களையும் ஒருங்கே காண்பர். சுவார்ட்சு என்னுஞ் செருமானியப் பாதிரியார் எழுப்பி 1766 ஆம் ஆண்டில் நிறைவெய்திய கிறிஸ்து ஆலயமும், தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த லூர்து அன்னை ஆலயமும் அக்குளத்திற்கு அணித்தே உள்ளன. காவிரியைக் கடந்து வடக்கே சென்றாற் திருவரங்கமும் திருவானைக்காவும் ஒரு தீவினுள்ளே அமைந்திருக்கின்றன. உயிர் உய்யுமாறு யாங்ஙனம் என்னும் ஒரே வினாவிற்குச் சைவரும் வைணவரும் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டாண்டாரும் பகர்ந்த விடைகள் இங்ஙனஞ் சில கல் தொலைவினுள்ளே நெடுங்காலமாக ஒருங்கு வழங்கி வருகின்றன. வழங்கியும், ஒருவர் கூற்றை ஒருவர் செவ்வனே கேட்டறிந்தனர் என்று கூறுதற்கில்லை.

கிறிஸ்து சமயத்தார் கூறும் இரட்சிப்பினைப் பற்றிப் பொதுமக்கள் கொண்டுள்ள எண்ணம் பெரும்பாலும் தெருக்களில் வழங்கப்படுஞ் சிறு பிரசுரங்களாற் பிறந்தது. அவை சொல்லுமுறை ஏறக்குறைய ஒன்றேயாம். மனிதர் யாவரும் பாவிகள். பாவத்திற்குத் தண்டனை உண்டு. அத்தண்டனையைத் தேவகுமாரன் சிலுவையில் ஏற்றுத் தீர்த்தார். அதனை விசுவசிப்பவன் இரட்சிக்கப்படுவான் என்பன. இதனை விளக்குதற்கு ஒரு நீதிபதி குற்றவாளிக்குத் தண்டம் விதித்துப் பின் தாமே இறங்கி வந்து தம் பணப்பையினின்றும் அத்தண்டத்தைச் செலுத்தினார் என்றாற் போல்வதொரு கதையுங் கூறப்படும். கேட்போர் உடனே, ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீருமோ, ஒருவன் செய்த வினையை மற்றொருவன் நுகர்தல் முறையாமோ என்று வினவி அகல்வர். வழக்கு அவ்வளவில் முடிந்துவிடுகின்றது.

அங்ஙனம் முடிதல் சைவ நூன்மரபிற்கு ஒத்ததன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்திற் பிறர்மதங்களை மறுக்கப் புகுந்தவிடத்து, அவ்வம்மதத்தார் கொள்கையை முன்னர் நிறுத்திப் பின்னரே மறுப்புரைத்தார். ஆதலின், கிறிஸ்து சமயத்தார் தம் நூல்வழி உடன்படும் பொருளை முதற்கண் உள்ளவாறு எடுத்தோதுதலே கடனாகும்.

அவர் கூற்றின் சாரம் வருமாறு. இறைவன் உயிர்களை நல்லனவாகவே படைத்தார். மனிதன் தன் விருப்பாற் பிழைத்து இறைவனைப் பிரிந்தான். அப்பிரிவே பாவம், தனித்தனிக் குற்றங்கள் அதன் கிளைகள். பிரிந்தவன் தன் முயற்சியால் மீளமாட்டாமையின் இறைவனே அவனைத் தேடி மனிதனாய்ப் பிறந்து, மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அவரோடு விசுவாசத்தால் ஒன்றுபடுவோர் மீண்டும் மக்களாகும் உரிமை பெறுவர். லூக்கா எழுதிய சுவிசேடத்திற் கூறப்படும் இளைய குமாரன் கதை இதற்குச் சிறந்த விளக்கம். தன் பங்கைப் பெற்றுத் தூரதேசஞ் சென்று அழித்தொழித்துப் பசியால் மீண்ட மகனைத் தந்தை தொலைவிற் கண்டவுடன் ஓடிச்சென்று தழுவினார் என்பது அக்கதை. அதில் நீதிபதியுமில்லை, தண்டமுமில்லை. செலவழிந்த பொருளுக்கு யார் கணக்குத் தீர்த்தார் என்னும் பேச்சுமில்லை.

அற்றேற் கடனுங் கணக்கும் எங்கிருந்து வந்தன? இரட்சித்தல் என்னும் வடசொற்குக் காத்தல் என்பதே பொருள். புரொட்டஸ்டாண்டு சபையார் பெரிதும் அச்சொல்லையே வழங்கினர். கத்தோலிக்கரும் ஏனைச் சபையாருங் கூடி 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மீட்பு என்னுந் தமிழ்ச்சொல்லை ஆள்கின்றது. மீட்பு என்றவளவிலே பொதுமக்கள் உள்ளத்தில் தோன்றுவது அடகுக்கடை. அடகு மீட்டற்குக் கடன் கொடுத்தோன் ஒருவன் வேண்டும், விலையும் வேண்டும். விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்னும் இடர்ப்பாடு உடனே எழும். இறைவனுக்கே எனின் அவர் தம் கையினின்று தம் கைக்கே கொடுத்தவராவர். பேய்க்கு எனின் பேய் இறைவனுக்குக் கடன் கொடுத்ததாய் முடியும்.

தமிழில் மீட்டலுக்கு இதனினும் பழைய பொருளொன்றுண்டு. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டல் கரந்தை எனப்படும். அவ்வீரன் கள்வர்க்கு விலை கொடுப்பதில்லை. அவர் நடுவே தானே புகுந்து, புண்பட்டு, சிலபோது உயிரையும் இழந்து நிரையைக் கொணர்வான். ஊரார் அவன் பெயரால் நடுகல் நாட்டுவர். அவன் இறப்பு எவர்க்குஞ் செலுத்திய விலையன்று. நிரைமேல் வைத்த அன்பின் அளவு அது.

கிறிஸ்து சமய வரலாற்றை நோக்குவார்க்கு இவ்விரு பொருளும் அங்கும் இருந்தமை புலனாகும். கி.பி. 325, 381 ஆம் ஆண்டுகளிற் கூடிய சங்கங்கள் வகுத்த விசுவாச அறிக்கை, மனிதரின் பொருட்டு இறைவன் இறங்கி வந்தார் என்னுமளவில் நின்றதேயன்றி, அவ்விறப்பு உய்திக்கு ஏதுவாமாறு இது என்று வரையறுத்திலது. கடன் தீர்த்தல் என்னும் விளக்கத்தைத் தருக்க நெறியால் வளர்த்தவர் கி.பி. 1098 அளவில் நூலியற்றிய ஆன்செல்ம் என்பார். அவர்க்குச் சிறிது பிற்பட்ட அபெலார்டு, சிலுவை மனிதர் நெஞ்சை உருக்கும் அன்பின் வெளிப்பாடே என்றார். தண்டனையைப் பிறர்பொருட்டு ஏற்றல் என்பது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரராற் பெரிதும் வலியுறுத்தப்பட்டது. பழைய சபைத் தந்தையர் பலரது உரையிற் கிறிஸ்து மரணத்தையும் பேயையும் வென்ற வீரராகவே தோன்றுகின்றார் என்பதனைச் சுவீடன் நாட்டு ஆலேன் 1930 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஆகவே தெருப் பிரசுரங்கள் தருவது பல விளக்கங்களுள் ஒன்றேயாம். தமிழ் மக்கட்கு அது மிகவும் பொருந்தாத விளக்கமும் ஆம். கரந்தை மறவனை அறிந்த மக்களிடம் அடகுக்கடையைக் காட்டுதல் அறிவுடைமையாகாது.

இனி, ஒருவன் வினையை மற்றொருவன் தீர்த்தல் கூடாது என்னுந் தடையை ஆராய்க. இத்தடை சைவர் வாயிற் பிறக்குங்கால் மிக்க எச்சரிக்கையோடு பிறத்தல் வேண்டும். சஞ்சிதம் ஆசாரியன் செய்யுந் தீக்கையால் அழியும் என்பதூஉம், பிராரத்தம் உடலோடு நுகர்ந்தொழியும் என்பதூஉம், ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும் என்பதூஉஞ் சித்தாந்த முடிபுகளல்லவோ? எண்ணிறந்த பிறவிகளில் ஈட்டப்பட்ட வினைக்குவை அருட்பார்வையால் எரிந்துபோம் என உடன்படுவோர், வினையை அருள் அழித்தல் ஒருபோதுங் கூடாது என்று பிறரை மறுத்தல், எறிந்த கல் தம் வீட்டுக் கூரைமேல் விழுவதனையொக்கும். அருள் வினையை வெல்லும் என்பதில் இரு சமயமும் ஒருபுடை ஒத்தனவே. எத்தகைய உயிரிடத்து, எவ்வாறு வெல்லும் என்பதிலேதான் வேற்றுமை.

அவ்வேற்றுமையை அறிதற்குத் திருவரங்கத்திற் பதின்மூன்று பதினான்காம் நூற்றாண்டுகளில் விளங்கிய வைணவ ஆசாரியர் கொள்கைகள் துணைபுரியும். பிள்ளை உலகாசிரியர் வழியினர், பூனை தன் குட்டியைத் தானே கௌவிச் செல்லுமாறுபோல இறைவன் உயிரைத் தானே எடுத்துச் செல்வான் என்றனர். வேதாந்த தேசிகர் வழியினர், குரங்கின் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளுமாறுபோல உயிரின்பாலும் ஒரு பற்றுதல் வேண்டும் என்றனர். பிற்காலத்தே தென்கலை வடகலை எனப் பிரிந்த இரு திறத்தார்க்கும் இவை அடையாளமாயின.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கே நிகழ்ந்தது. விசுவாசம் ஒன்றே போதும், மனிதன் செய்கை உய்திக்கு ஏதுவாகாது என்றார் லூத்தர். அருளே முற்பட வரினும் மனிதன் விருப்பும் அதனோடு இசைதல் வேண்டும் என்று திரெந்துச் சங்கத்தார் 1547 ஆம் ஆண்டில் வரையறுத்தனர். அவ்வழக்குத் தமிழ்நாட்டிற்கும் வந்தது. 1706 முதற் தரங்கம்பாடியிற் தங்கிய லூத்தர் சபையாரை மறுத்து, கொள்ளிடத்தின் வடபாலுள்ள ஏலாக்குறிச்சியிற் பணிபுரிந்த வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய உரைநடை நூல்களைப் பொதுமக்கட்கென எழுதினார். தேம்பாவணிப் புலவர் செய்யுளை விடுத்து உரைநடையை மேற்கொண்டமை, அவ்வழக்கு எளிய மக்கள் வாழ்வைத் தொட்டதாகலின் என்க. லூத்தர் சபைகளின் கூட்டுறவும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டன. உய்தி இறையருளாலேயே வருவது, அவ்வருள் பெற்றார்பால் நற்செய்கை கனியாக விளையும் என்னும் அளவில் இருவரும் உடன்பட்டனர்.

விசுவசித்தாற் போதும் என்றல் ஒழுக்கத்தைக் கெடுக்குமன்றோ எனிற் கூறுதும் என்பார்க்கு அவர்தம் நூலே விடை தரும். வைணவக் குடியிற் பிறந்து 1858 ஆம் ஆண்டிற் கிறிஸ்து சமயம் புகுந்த எச். ஏ. கிருட்டிண பிள்ளை, ஆங்கிலேயராகிய பனியன் 1678 இல் வெளியிட்ட கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894 இல் வெளியிட்டார். பனியன் கதையில் யாத்திரிகன் முதுகிலிருந்த சுமை சிலுவையின் அடியில் விழுகின்றது. ஆயினும் அஃது வழியின் முற்பகுதியிலேயே நிகழ்வது. மலையும் பள்ளமும் பகையும் ஐயமும் அதன்பின்னும் நிரம்ப உள்ளன. சுமை வீழ்ந்தமையோடு கதையை முடித்துவிடும் பிரசுரங்கள் தம் சமயத்தின் பாதியையே சொல்லுகின்றன.

சித்தாந்தம் இவ்விடத்துக் கூறுவது யாது? மலம் பரிபாகமெய்திய காலத்து அருள் பதியும். அப்பரிபாகமுந் திரோதான சத்தியாகிய மறைந்து நின்ற அருளாலேயே நிகழும். பழுத்தலும் அருள், பறித்தலும் அருள். இதனாற் பூனைக்குங் குரங்கிற்கும் இடையே ஒரு வழி பெறப்படும்.

இனி உண்மையான வேற்றுமைகள் இரண்டு. அவற்றை இப்பதியின் தலபுராணச் செய்திகளே காட்டும். மகப்பேற்றுக் காலத்தில் தாயின் வரவை எதிர்நோக்கியிருந்த இரத்தினாவதி என்னும் அடியாட்கு, காவிரி வெள்ளத்தால் அத்தாய் வரமாட்டாது தங்க, சிராமலைப் பெருமான் அத்தாய் வடிவிலே வந்து பணிபுரிந்தருளினார் என்ப. உயிரின் இடருழி இறைவன் மனித வடிவில் அணுகி வருவான் என்பது கிறிஸ்து சமயத்தார்க்கும் உவப்பாம். ஆயின் ஈண்டுப் பெருமான் வடிவு கொண்டாரேயன்றிப் பிறந்தாரல்லர், இறந்தாருமல்லர். பிறவாமையும் இறவாமையும் இறைவற்கு இயல்பென்பது சைவம். பிறந்தும் இறந்தும் உயிரின் துன்பத்துள் முற்றும் புகுந்தமையே அன்பின் எல்லை என்பது கிறிஸ்து சமயம். இஃது எளிதிற் கடக்கலாகும் வேற்றுமையன்று.

மற்றையது திருவானைக்காவிற் தோன்றும். இலிங்கத்தின்மேற் சருகு விழாவண்ணம் வலை பின்னிய சிலந்தி, அவ்வலையை அழித்த யானையின் துதிக்கையுட் புகுந்து அதனைக் கொன்று தானும் இறந்தது. பின்னர்க் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது. அன்பும் சினமும் ஒருங்கு நிறைந்த அச்சிற்றுயிரை இறைவன் தள்ளிவிட்டிலன். மற்றுமொரு பிறவியைக் கொடுத்தான். கிறிஸ்து சமயம் மனிதற்கு ஒரு பிறவியையே உடன்படுகின்றது. உய்தி ஒரு காலத்து ஓரிடத்து நிகழ்ந்த ஒரு செய்தியைக் கேட்டு விசுவசிப்பதனால் வருமெனின், அச்செய்தி எட்டுமுன் இறந்த கோடானுகோடி மக்கள் நிலை யாது? புதிதாய் அச்சமயம் புகுந்த ஒரு தாய், தன்னை அன்போடு வளர்த்து இறந்த தந்தை எங்கே என்று வினவின், அவட்கு விடையிறுத்தல் வேண்டும். அவள் வினா வாதத்திற்கு எழுந்ததன்று, அன்பினின்று எழுந்தது. அவளுக்குக் கடன் கணக்கைக் காட்டுவார் வாய் அடைபடும்.

இவ்வினாவைக் கிறிஸ்து சமயத்தார் உணராதாரல்லர். தம் குற்றமின்றியே சுவிசேடத்தை அறியாது, உண்மை நெஞ்சோடு இறைவனைத் தேடி மனச்சான்றின்படி ஒழுகுவோரும் உய்தி பெறக்கூடும் என வத்திக்கான் சங்கம் 1964 ஆம் ஆண்டிற் கூறிற்று. இதனை ஒப்பாத சபைகளும் உள. ஒப்புவோர்க்கோ, கேட்டு விசுவசித்தல் பின் எற்றுக்கு என்னும் வினா மீதமாகும். சைவர்க்கும் இடர்ப்பாடு இல்லாமலில்லை. முற்பிறவியின் நினைவே இல்லாத உயிர் அதன் பயனை எவ்வாறு தனதென உணரும் என்று பிறர் வினவுவர். அதற்குச் சைவர் விடை கூறக் கடப்பாடுடையர். ஆயினும் ஓருயிரையேனும் இறைவன் என்றைக்குங் கைவிடான், தனு கரண புவன போகங்களை மீட்டும் மீட்டுந் தந்து பக்குவப்படுத்துவான் என்னும் முடிபு, அத்தாயின் வினாவிற்கு நேரே விடையாதல் காண்க.

ஆகவே பிரசுரம் எழுதுவோர் அடகுக்கடையை விடுத்துத் தந்தையையும் மறவனையும் மக்கட்குக் காட்டுவாராக. மறுக்கப் புகுவோர் பிரசுரத்தை விடுத்து அதன் பின்னிற்குங் கொள்கையோடு வாதிடுவாராக. அங்ஙனம் வாதிடுமிடத்து, வினை எவ்வாறு அழியும் என்பதன்று, அருள் யாரையேனும் விட்டொழியுமோ என்பதே நடுவாய வினாவாக நிற்கும். அவ்வினாவை முன்னிட்டு வழக்காடும் இரு திறத்தாரும் அருளின் பெருமையையே பேசுவோராவர்.