வணிகக் கல்வியிற் பன்மை நெறி

வாணிகம் தமிழ்மக்களுக்குப் புதிய தொழிலன்று. தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளுமன்று. மணிமேகலையை இயற்றிய சாத்தனார் கூலவாணிகர். சங்கப் புலவர் வரிசையில் அறுவை வாணிகர் இளவேட்டனார் இடம்பெறுகின்றார். பொன் வாணிகர் ஒருவரும் இடம்பெறுகின்றார். உப்பு வண்டிகளை நாடெங்கும் செலுத்திய உமணரும், மீனையும் உப்பையும் நெல்லுக்கு மாற்றிய நெய்தனில மகளிரும், கடல்கடந்து பொருளீட்டிய பெருவணிகரும் அப்பாடல்களிலே காணப்படுவர். பட்டினப்பாலை, ஈழத்து உணவுப்பொருள் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்ததைக் கூறுவதோடு, பல மொழி பேசும் பிற நாட்டார் அந்நகரிற் கலந்து இனிது வாழ்ந்தமையையும் எடுத்துரைக்கின்றது. ஆகவே, வணிகன் என்பது ஒருமைச் சொல்லாயினும், பழந்தமிழ் நூல்களில் அச்சொல்லுக்கு உரியோர் பலராவர்.

இற்றைநாள் வணிகக் கல்வியை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் வேண்டும். தனி வியாபாரம், கூட்டாண்மை, கம்பனி, கூட்டுறவுச் சங்கம், அரச கூட்டுத்தாபனம் என்னும் பாகுபாட்டை இலங்கையில் வணிகம் பயிலும் மாணவர் கற்கின்றனர். பாகுபாடு பிழையன்று, அதனை அறியாது எவரும் வணிகவுலகிற் புகவியலாது. ஆயின், அப்பாகுபாட்டுக்கு எடுத்துக்காட்டாக வரும் மனிதர் பெரும்பாலும் ஒரே வார்ப்பினர். அவருக்கு நகரத்திலே கடையுண்டு, வங்கியிலே கணக்குண்டு, மாதந்தோறும் வரும் வருவாயுண்டு. கடற்கரையில் வலையிழுப்பவரும், வீட்டு வாசலிற் சீட்டுப் பிடிப்பவரும், சந்தையில் நாட்கடன் வாங்கி மரக்கறி விற்பவரும் அப்பக்கங்களுட் புகுதல் அரிது. மாணவருள் ஒருசாரார் தம் வீட்டில் நிகழ்வதை வாணிகமென்று எண்ணாமலே வாணிகம் கற்கும் நிலை இதனால் உண்டாகின்றது.

இக்குறையை உணர்ந்தோர் அண்மைக்காலத்திற் பன்மை வேண்டுமென்கின்றனர். அக்கோரிக்கை நியாயமானது. எனினும், பன்மை என்பது யாதென ஆராய்தல் முதற்கடன். கணக்கொன்றில் பெரேரா என்றிருந்த பெயரைக் கந்தையா என்றோ பாத்திமா என்றோ மாற்றிவிட்டு, கணக்கை முன்போலவே விடுவது பன்மையாகாது. அது சட்டையை மாற்றுவதேயன்றி ஆளை மாற்றுவதன்று. புதிதாகச் சேர்க்கப்படும் எடுத்துக்காட்டு, பாடத்தின் வினாவை மாற்றுகின்றதா என்பதே உரைகல். வினா மாறினாற் பன்மை உண்டு. மாறாவிடின் அஃது அலங்காரமே.

இவ்வுரைகல்லைத் திருகோணமலைக் கரையிலேயே வைத்துப் பார்க்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்ட மக்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதத்தினர். தமிழர் 31 வீதத்தினர். சிங்களவர் 27 வீதத்தினர். மூவினத்தாரும் ஒரே சந்தையிற் கொள்வர், விற்பர். நகருக்கு வடக்கேயுள்ள கரையூர்களுள் ஒன்று, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற சல்லி. சல்லி என்னும் சொல் சிறு காசையும் குறிக்கும். சிங்களத்திலோ பணத்துக்கே பெயராக வழங்கும். ஊர்ப்பெயரும் காசின் பெயரும் ஒத்திருப்பது தற்செயலாகலாம். ஆயினும், வணிகக் கல்வி எங்கே தொடங்கவேண்டுமென்பதை அது நினைவூட்டுகின்றது.

இக்கரைக்குப் பழகிய கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்க. வலையும் தோணியும் ஒருவருடையவை, உழைப்போ பலருடையது. மீன் விற்ற பணத்திற் செலவைக் கழித்து, எஞ்சியதை உடையவரும் உழைத்தவரும் வழக்கப்படி பங்கிடுவர். இது கூட்டாண்மையா? மாணவருட் பலர், இலாபத்தைப் பங்கிடுவதாற் கூட்டாண்மையே என விடை கூறுவர். இலங்கையிற் கற்பிக்கப்படும் கூட்டாண்மைப் பாடம் 1890ஆம் ஆண்டின் ஆங்கிலக் கூட்டாண்மைச் சட்டத்தைத் தழுவியது. மொத்த வருவாயைப் பங்கிடுதல் தன்னளவிற் கூட்டாண்மையை உண்டாக்காது என்று அச்சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. தேறிய இலாபத்திற் பங்கு பெறுதல் கூட்டாண்மைக்கு முதற்சான்றாகலாம். எனினும், வேலையாள் ஒருவருக்கு இலாபத்தில் ஒரு பங்கு ஊதியமாக அளிக்கப்படுமாயின், அதனால் மட்டும் அவர் கூட்டாளி ஆகிவிடார் என்றும் அது கூறுகின்றது. அங்ஙனமாயின் வலையிழுப்பவர் யார்? கூட்டாளியா, கூலியாளா? வலை கிழிந்தால் நட்டம் யாருக்கு? மீன் படாத நாளில் உழைப்பு வீணாவது யாருடைய கணக்கில் எழுதப்படும்? உடையவரிடம் முற்பணம் வாங்கியவர் வேறொரு வலைக்குச் செல்லும் உரிமை உடையவரா? வரைவிலக்கணத்தை மனனஞ் செய்த மாணவன் ஒருபோதும் கேளாத வினாக்கள் இவை. கரைவலை பாடத்துட் புகுந்ததும் சட்டமும் கணக்கும் கூர்மை பெறுகின்றன. உள்ளூர் எடுத்துக்காட்டு பரீட்சைக்கு உதவாது என்போர்க்கு இதுவே விடையாகும்.

கரையில் ஆடவர் உழைப்புக்குக் கரைவலை சான்றாயின், வீட்டில் மகளிர் முயற்சிக்குச் சீட்டு சான்றாகும். மாதந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு தொகை இடுவர். திரண்ட பணத்தைக் குலுக்கல் மூலமோ கழிவு கூறியோ ஒருவர் எடுப்பர். முதலில் எடுப்பவர் கடன் பெறுகின்றார். இறுதியில் எடுப்பவர் சேமிக்கின்றார். கடனும் சேமிப்பும் ஒரே வட்டத்துள் அடங்கும் இம்முறையை நாட்டின் சட்டம் அறியாததன்று. 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுக்களுக்கெனக் கட்டளைச்சட்டம் ஒன்று இலங்கையில் ஆக்கப்பட்டது. கழிவுச் சீட்டில் ஒருவர் விட்டுக்கொடுக்கும் தொகையிலிருந்து வட்டி வீதத்தைக் கணித்தல் உயர்தர மாணவர்க்கும் எளிதன்று. எனினும், அக்கணிப்பைத் தம் அளவில் மனத்துள்ளே செய்பவர் பலர் இல்லத்தரசியரே.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. போருக்குப் பின் வட கிழக்கு மாகாணங்களிற் பரவிய நுண்கடன், வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை பெறும் முறையினது. கடனை அடைக்கக் கடன் வாங்கிய பெண்களின் துயரம் பெருகியமையால், வறட்சியால் வருந்திய மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடனை 1 இலட்சம் ரூபா வரையில் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு 2018ஆம் ஆண்டில் அறிவிக்க நேர்ந்தது. தவணை சிறிதாகத் தோன்றுவதாலேயே வட்டியும் சிறிதென்று மயங்குதல் இயல்பு. முதல் முழுவதற்கும் இறுதிவரை வட்டி அறவிடுவதற்கும், குறைந்துசெல்லும் நிலுவைக்கு மட்டும் வட்டி அறவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மகள் வகுப்பறையிற் கற்றிருந்தும், தாய் கைந்நாட்டிடும் பத்திரத்தில் அதனைக் காண இயலாதாளாயின், அக்கல்வியின் பயன் யாது? வட்டி கொடுக்கவோ வாங்கவோ ஒவ்வாத முஸ்லிம் மாணவனுக்கும் இதே வகுப்பில் இடமுண்டு. 2011ஆம் ஆண்டில் வணிக வங்கியாகத் தொழில் தொடங்கிய அமானா வங்கி, வட்டியின்றி இலாபப் பங்கீட்டால் இயங்கும் முறைக்கு அண்மைச் சான்று. இரு முறைகளையும் அருகருகே வைத்துக் கணித்தால், இருசாரார்க்கும் கணக்கு விளங்கும்.

இனி, வரலாறு தரும் வளங்களைக் காண்போம். திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாயில், ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைமையுடைய வடமொழிக் கல்வெட்டொன்று, திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகர் கூட்டத்தாரைக் குறிப்பிடுகின்றது. நகருக்கு அணித்தான வெல்கம் விகாரையிலுள்ள தமிழ்ச் சாசனங்கள், இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்ற அப் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் அளித்த கொடைகளைக் கூறுகின்றன. ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவின் சாசனங்கள் பதவியாவிலும் வாகல்கடையிலும் கிடைத்துள்ளன. பொலனறுவையிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டு, வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டி, தந்ததாதுக் கோயிலைக் காக்கத் தமிழ்ப் படையினர் உடன்பட்டதைத் தமிழிலேயே பதிந்துள்ளது. இனமும் சமயமும் கடந்து நம்பிக்கை எவ்வாறு தேடப்பட்டது என்னும் வினாவை இவை எழுப்புகின்றன. நம்பிக்கையோ வணிகத்தின் முதற்பொருள்.

கணக்கீட்டிலும் இவ்வாறே. இரட்டைப் பதிவு முறையை 1494ஆம் ஆண்டில் வெனிசில் நூலாக வெளியிட்டவர் பச்சியோலி என்பதை மாணவர் அறிவர். கொழும்புச் செட்டியார் தெருவிலே பேரேடு எழுதிய நாட்டுக்கோட்டைச் செட்டியாரைப் பற்றி அவர்கள் கேட்பது அரிது. நெடுங்காலம் இலங்கைப் பாடசாலைகளில் வழங்கிய ஐந்தொகை என்னும் சொல் அச்செட்டியார் கணக்கேடுகளிலும் வழங்கியது. முதல், வரவு, செலவு, ஆதாயம், இருப்பு என்னும் ஐந்தையும் தொகுப்பது என்று அதற்குப் பொருள் கூறுவர். இன்று நிதிநிலைமைக் கூற்று என்னும் பெயர் அதனிடத்தைப் பெற்றுள்ளது. சர்வதேச நியமத்துக்கேற்பப் பெயர் மாறுதல் தவறன்று. பழஞ்சொல்லின் பொருளறியாது அதனைக் கைவிடுதலே தவறு.

ஆயின், இவ்வளங்களைப் போற்றுவோர் அவற்றின் குறைகளை மறைத்தலாகாது. வணிகக் குழுக்கள் தம்முட் கட்டுப்பாடுடையன. ஆனால் எல்லார்க்கும் வாயில் திறந்தவையல்ல. செட்டிநாட்டுப் பெண்களின் சீதனப்பணம் கடைகளுக்கு முதலாயிற்று. கடையை நடத்தியவரோ ஆடவரே. ஆங்கில வங்கிகள் இலங்கையர்க்குக் கடனளிக்கத் தயங்கிய காலத்திற் செட்டியார் இடைநின்று உதவினர். அவர்தம் வட்டியைக் குறித்து முறைப்பாடும் எழுந்தது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இதனை ஆராய்ந்ததன் பயனாகவே 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி தோன்றியது. கரைவலைப் பங்கும் எப்போதும் நேரிய பங்கன்று. நிறையையும் குறையையும் ஒருங்கே காட்டும் சான்றே வகுப்பறைக்கு உரியது. புகழ்மாலை விழாமேடைக்கு உரியது.

இக்குறைபாடு இலங்கைக்கு மட்டும் உரியதென எண்ணுதலும் தவறு. உண்மை நிகழ்வுகளைக் கொண்டு வணிகம் கற்பிக்கும் முறையைப் பரப்பிய ஆவார்ட் வணிகப்பள்ளி 1908ஆம் ஆண்டிற் றொடங்கியது. அதன் ஈராண்டு முதுநிலை வகுப்பின் முதலாண்டிற் பெண்கள் நேரே சேர்க்கப்பட்டது 1963ஆம் ஆண்டிலேயே. அவ்வாண்டிற் புகுந்தோர் எண்மர். அதன்பின் பெண்கள் பெருகியும், அங்கு ஆராயப்பட்ட நிகழ்வுகளில் முடிவெடுக்கும் இடத்தில் நின்றவர் நெடுங்காலம் பெரும்பாலும் ஆடவரே. வகுப்பில் இருப்போர் மாறினாலும் பாடத்துள் இருப்போர் தாமாக மாறுவதில்லை. ஒருவர் தேடினாலன்றி அவர்கள் வாரார்.

தேடவேண்டியவர் யார்? பாடத்திட்டம் வகுப்போர் கொழும்பிலிருந்து அனைத்தையும் திரட்டுதல் இயலாது. ஆசிரியரும் மாணவருமே முதற்றேட்டாளர். ஊர்க் கணக்கேடுகள், பங்கு வழக்குகள், சீட்டு முறைகள், சந்தைச் சொற்கள் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் குறித்தல் அவர்கட்கு அரியதன்று. கடன்பட்டவர் பெயரும் வீட்டு மறையும் வெளியாகாதவாறு காத்தல் அத்தேட்டத்தின் அறமாகும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், வணிகக் கற்கைகளுக்கெனப் பீடம் உடையது. பாடசாலையில் திரட்டியதை ஆங்கே சரிபார்த்து ஒழுங்குசெய்தால், மூன்று மொழியினர்க்கும் பயன்படும் நிகழ்வுத்தொகுதி ஒன்று உருவாதல் கூடும்.

தன் தந்தையின் வலைப்பங்கைச் சட்டத்தின் சொல்லால் விளக்கவும், தன் தாயின் தவணைப் பத்திரத்தில் வட்டியைக் காணவும் வல்ல மாணவியை உருவாக்கும் கல்வியே நிறைவான வணிகக் கல்வி. சல்லிக் காசை எண்ணத் தெரிந்தவர் கையில் கோடி கொடுத்தாலும் கணக்குப் பிழையாது.