இணையத் தமிழ் நூலகங்களும் பள்ளி ஆசிரியரின் தேவையும்: ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: மின்னூலகம், மூலபாடம், தேடல், பதிப்புரிமை, பள்ளி நூலகர்

முன்னுரை

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றுப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2018இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. இவ்வளங்களைப் பட்டியலிட்டுப் பாராட்டுதல் எளிது. ஒரு பாடத்தைக் கற்பிக்க முனையும் ஆசிரியருக்கு அவை எந்த அளவு கைகொடுக்கின்றன என்பதே இங்கு மதிப்பிடப்படுகிறது.

மூலமும் உரையும்

மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. திஸ்கி குறியேற்றத்தில் வெளிவந்த அதன் கோப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எழுத்துருவில் அமைந்திருப்பதால் அவற்றை நகலெடுத்துப் பயிற்சித்தாள் அமைக்க இயலும். எனினும், பழைய இலக்கியங்கள் பலவும் அங்கு மூலமாக மட்டுமே உள்ளன. உரைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தை நாட வேண்டும். இரண்டும் ஒரே பதிப்பைத் தழுவியவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. உ.வே.சாமிநாதையர் பதிப்புகளில் அடிக்குறிப்பாக அமைந்த பாடவேறுபாடுகள், மூலத்தை மட்டும் உள்ளிடும்போது விடுபட்டுப் போகின்றன. பாடநூலில் ஒரு சொல்லும் திரையில் வேறொரு சொல்லும் இருப்பின், மாணவர் வினாவுக்கு விடை கூற ஆசிரியருக்குச் சான்று இல்லாமற் போகிறது.

தேடலின் எல்லை

தேடல் வசதி மின்னூலின் முதன்மைப் பயனாகக் கூறப்படுகிறது. தமிழின் சொல்லமைப்பு அதற்கு வரம்பிடுகிறது. ‘மரம்’ எனத் தேடினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ ஆகியன அகப்படா. ‘மர’ எனச் சுருக்கித் தேடினால் ‘மரபு’, ‘மரணம்’ ஆகியனவும் சேர்ந்து வரும். செய்யுளில் இடர்ப்பாடு இன்னும் மிகுதி. வகையுளியால் ஒரு சொல் இரு சீர்களாகப் பிரிந்து நிற்கும் இடத்தைக் கணினி காண்பதில்லை. எனவே, தேடலில் கிடைக்காத சொல்லை அந்நூலில் இல்லாத சொல்லாகக் கொள்வது பிழை. படவடிவில் மட்டும் உள்ள நூல்களில் இத்தேடலும் இயலாது.

உரிமை

பதிவிறக்கி அச்சிட்டு மாணவர்க்கு வழங்குமுன் உரிமைநிலையை அறிதல் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஓர் ஆசிரியரின் படைப்புக்கான உரிமை, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். சங்கப் பாடல் பொதுவுடைமையாயினும், அதற்கு அண்மைக்காலத்தில் எழுதப்பட்ட உரை அவ்வாறன்று. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு இத்தடை இல்லை.

நூலகரின் இடம்

கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ.இரா.அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதாகும். மேற்கூறிய குறைகள் ஒவ்வொன்றும் ஆசிரியரின் நேரத்தையே உண்கின்றன. பாடநூற்குறியீடு பாடநூலாக்கக் குழு தேர்ந்த பொருளுக்கே இட்டுச் செல்லும். ஆசிரியருக்கு அன்று எழும் ஐயத்தை அது முன்னறியாது. அவ்விடைவெளியை நிரப்பவல்லவர் பள்ளி நூலகரே. வகுப்பு, பாடம், மூலம் உள்ள இடம், உரை, தழுவிய பதிப்பு, கோப்பு வடிவம், உரிமைநிலை ஆகிய ஏழு குறிப்புகள் கொண்ட அட்டவணை ஒன்றை அவர் உருவாக்கலாம். உரிமைத் தடையற்ற கோப்புகளைப் பள்ளிக் கணினியில் சேமித்தால் இணைப்பு இல்லாத நாளிலும் அவை பயன்படும். இப்பணியை ஆசிரியரே செய்யலாம் எனலாம். ஆயின், ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே தேடுவது ஒரே உழைப்பைப் பலமுறை செலவிடுவதாகும்.

முடிவுரை

தமிழ் மின்னூலகங்கள் நூல்களைத் திரட்டும் பணியில் பெரும் வெற்றி கண்டுள்ளன. திரட்டியவற்றை வகுப்பறையோடு இணைக்கும் அட்டவணைப் பணி அதற்கு இணையாக நடைபெற வேண்டும். பதிப்பு விவரத்தை ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் தருவது நூலகத் திட்டங்களின் பொறுப்பு. அதனைப் பாடத்தோடு பொருத்துவது பள்ளி நூலகரின் பொறுப்பு. நூலகர் பணியிடம் இல்லாத பள்ளியில் மின்வளம் எவ்வளவு பெருகினும், ஆசிரியர் கடையில் விற்கும் வழிகாட்டி நூலையே நாடும் நிலை தொடரும்.