யார் பணம்? யாருக்கு வீடு?

மில்டன் ஃப்ரீட்மனும் ரோஸ் ஃப்ரீட்மனும் 1980-இல் வெளியிட்ட ‘ஃப்ரீ டு சூஸ்’ என்னும் நூலில் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. செலவாகும் பணம் யாருடையது, யாருக்காகச் செலவாகிறது என்பவையே அதன் கேள்விகள். பிறர் பணத்தைப் பிறருக்கே செலவிடுகிறவர், சிக்கனத்தையும் பாரார், பெறுகிறவரின் தேவையையும் பாரார் என்கின்றனர் நூலாசிரியர்கள்.

சென்னைப் பட்டினப்பாக்கத்தில் இதை உரைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அங்குள்ள சீனிவாசபுரத்தைத் தாக்கியது. பின்னர் பல குடும்பங்களுக்கு அரசு செம்மஞ்சேரியில் வீடு கொடுத்தது. சுமார் 20 கிலோமீட்டர் தொலைவு! விடியுமுன் கடலுக்குப் போகிறவரும், மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிறவரும் என்ன செய்வார்கள்? நடந்து போன வேலைக்குப் பேருந்துக் கட்டணம் வந்து சேர்ந்தது.

நூல் சொன்னது சரிதானே என்பீர்கள். பாதிதான் சரி. அலைக்கு எட்டாத இடம் என்பதும் ஓர் அக்கறைதான். ஆனால் பிறருக்காக முடிவெடுப்பவர் என்றோ வரும் அலையை எண்ணுகிறார். அங்கே வாழ்பவர் நாள்தோறும் வரும் கூலியை எண்ணுகிறார். அட்டவணையில் இந்த வேறுபாட்டுக்குக் கட்டமே இல்லை. வறியவர்க்குப் பொருளாக அன்றிப் பணமாகவே கொடுத்துவிடலாம் என்பது நூலின் பரிகாரம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பட்டினப்பாக்கத்தில் மனை விற்கும் விலையில், உதவித்தொகையைக் கொண்டு கடலோரத்தில் ஒரு குடிசைக்கும் இடம் வாங்க இயலாது.