பெரிய குண்டு நல்ல குண்டா?

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு ஒரு முறை என்னுடன் வந்த பட்டப்படிப்பு மாணவர் ஒருவர், பழைய வேட்டை நூல் ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். சர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1850களில் எழுதி வெளியிட்ட, இலங்கையில் தாம் துப்பாக்கியோடும் நாய்களோடும் வேட்டையாடிய கதைகளைச் சொல்லும் நூல் அது. சில பக்கங்கள் படித்ததும் மாணவர் கேட்டார்: “சார், இலங்கையில் ஏது எல்க்? அது குளிர்நாட்டு மான் அல்லவா? இவருடைய ஒரு துப்பாக்கி மட்டும் 21 பவுண்டு எடையாம். அந்தக் குண்டு பட்டால் எவ்வளவு பெரிய மானும் தூக்கி எறியப்பட்டுவிடும், இல்லையா சார்?”

நல்ல கேள்விகள். இந்த நூலை மதிப்பிட அவையே போதும் என்று எனக்குத் தோன்றியது. நூலின் நடை விறுவிறுப்பானது. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நாம் அறிவியல் படிப்பவர்கள். பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘எல்க்’ என்ற ஒரே சொல் மூன்று விலங்குகளைக் குறித்து வந்திருக்கிறது. ஐரோப்பாவில் அது அகன்ற கொம்புகளுடைய மிகப் பெரிய மான். அதையே அமெரிக்கர் ‘மூஸ்’ என்கிறார்கள். அமெரிக்காவில் ‘எல்க்’ என்றால் ‘வாப்பிட்டி’ என்னும் வேறொரு பெரிய மான். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ, அங்கிருந்த ‘சாம்பர்’ மானுக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். நம் ஊர்க் காடுகளில் கடமான் என்றும் மிளா என்றும் வழங்குவது இதுதான். ஈழத்தமிழர் மரை என்பார்கள். ஆக, பேக்கரின் ‘எல்க்’ நமக்குப் பழக்கமான மிளாவே. நன்கு வளர்ந்த ஆண் மிளா 225 முதல் 320 கிலோ வரை இருக்கும். அமெரிக்க எல்க்கின் ஆணும் ஏறத்தாழ இதே எடைதான். எனவே, எல்க் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் இன்றும் நடத்தும் வாதத்துக்குப் பேக்கரின் அனுபவம் பொருத்தமான சான்றுதான்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். பேக்கரிடம் இருந்தவற்றில் பெரியது, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் செய்து கொடுத்தது. எடை 21 பவுண்டு, அதாவது 9.5 கிலோ. உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூர்ங்குண்டு 4 அவுன்ஸ், ஒரு தடவைக்குரிய கருமருந்து 16 டிராம் என்று 1890இல் வெளியான தம் பிற்கால நூலில் அவரே குறித்திருக்கிறார். இப்படி எடைகளை ஒளிக்காமல் எழுதி வைத்ததற்காக அவரைப் பாராட்ட வேண்டும். அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் நாம் கணக்குப் போட முடிகிறது.

3 அவுன்ஸ் என்பது 85 கிராம். ஈய உருண்டையாதலால் அதன் விட்டம் சுமார் 24 மி.மீ. கருமருந்தில் அது நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளிவந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் உந்தம் 0.085 × 400, அதாவது 34 அலகுகள். இயக்க ஆற்றல் 6,800 ஜூல். ஒப்பிட்டுப் பார்க்க, பிற்காலத்து 7 மி.மீ. ரைபிளை எடுத்துக்கொள்வோம். குண்டு 9 கிராம், வேகம் நொடிக்கு 800 மீட்டர். உந்தம் 7.2 அலகு; ஆற்றல் 2,880 ஜூல். ஆற்றலில் பேக்கரின் குண்டு இரண்டு மடங்குக்கும் மேல். உந்தத்திலோ ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அப்படியானால் மான் தூக்கி எறியப்படுமா? உந்த அழிவின்மை விதி இருக்கிறதே! குண்டு முழுவதும் 250 கிலோ மானின் உடலிலேயே தங்கிவிட்டாலும், அந்த 34 அலகு உந்தம் மானுக்குத் தரக்கூடிய வேகம் நொடிக்கு 13.6 சென்டிமீட்டர். நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. 7 மி.மீ. குண்டு தருவது நொடிக்கு 3 சென்டிமீட்டரும் இல்லை. வேகப் பந்து வீச்சாளர் வீசும் கிரிக்கெட் பந்தின் உந்தம் 6 அலகுக்கு மேல் இருக்கும். அதை விக்கெட் கீப்பர் கையால் பிடிக்கிறார்! குண்டு பட்டவுடன் மிருகம் சுருண்டு விழுந்ததாக வேட்டை நூல்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம், மூளையோ முதுகுத்தண்டோ தாக்கப்பட்டு நரம்பு இயக்கம் அறுந்துபோவது. தள்ளுவிசை அதற்குக் காரணமாகாது.

தள்ளுவிசையை முழுதாக அனுபவிப்பவர் சுடுகிறவரே. வெடிமருந்தின் வாயுக்களைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் 9.5 கிலோ துப்பாக்கி நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் அவர் தோளில் மோதும். 3.5 கிலோ எடையுள்ள 7 மி.மீ. ரைபிள் மோதுவது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில். பின்னுதைப்பின் ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது 61 ஜூல், பின்னது 7 ஜூல். எட்டு மடங்கு வேறுபாடு. இப்படி உதைக்கப்போகிறது என்று தெரிந்த மனிதர் விசையை அழுத்தும்போதே உடல் கூசிக் குறி விலகுவது இயல்பு.

‘பிறகு ஏன் அவர் அவ்வளவு பெரிய குண்டை நம்பினார்?’ என்று கேட்பீர்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. கருமருந்தால் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. வேகத்தைக் கூட்ட வழியில்லாதவர் நிறையைத்தான் கூட்டியாக வேண்டும். 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்த பிறகே குண்டின் வேகம் ஏறத்தாழ இரட்டித்தது. அதன் பின் துப்பாக்கிக் குழல்கள் ஒடுங்கின. குண்டுகள் மெலிந்து நீண்டன.

மெலிந்த குண்டு ஊடுருவுமா? ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புக்குப் பின்னால் எத்தனை கிராம் நிறை நிற்கிறது என்று பாருங்கள். பேக்கரின் உருண்டைக்கு 18 கிராம். 7 மி.மீ. குண்டுக்கு 22 கிராம். மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு எடையுள்ள சிறு குண்டு, தான் துளைக்கும் துளையின் அளவுக்குப் பார்த்தால் பெரியதைவிடக் கனமானது! இதை மெய்ப்பித்தவர் டபிள்யூ.டி.எம். பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுத்தியது இதே 7 மி.மீ. ரைபிள்தான். யானையின் மண்டையோட்டில் மூளை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்ந்து, விரியாத கெட்டிக் குண்டால் அங்கே சுட்டார்.

விரியாத குண்டு என்றேன். குழல் விட்டத்தைவிட முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. வேகம் கூடியதும் மெத்தென்ற ஈயம் குழலில் உரசிச் சிதையத் தொடங்கியது. எனவே குண்டுக்கு உலோக உறை போட்டார்கள். முழு உறையிட்ட குண்டு உடலைக் குறுகிய துளையாகத் துளைத்து மறுபக்கம் போய்விடும். அதன் மூக்கில் உறையைத் திறந்து விட்டால் ஈயம் காளான்போல் விரிந்து பெரும் காயம் செய்யும். 1890களில் கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் படைக்கலச் சாலையில் அப்படிச் செய்ததால்தான் அதற்கு ‘டம்டம் குண்டு’ என்று பெயர் வந்தது. போரில் அத்தகைய குண்டு கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு அறிவித்தது.

வேட்டையிலோ நிலைமை தலைகீழ். அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டம், எல்க் வேட்டைக்கு விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. குண்டின் எடை குறைந்தது 85 கிரெயின், அதாவது ஐந்தரை கிராம். 100 கஜ தூரத்தில் அதற்குச் சுமார் 1,356 ஜூல் ஆற்றலாவது மிஞ்சியிருக்க வேண்டும். குழல் விட்டம் 6 மி.மீ. இருந்தால் போதும். ஆற்றலைக் குழல்வாயில் அளக்காமல், தொலைவில் குண்டு போய்ச் சேரும் இடத்தில் அளக்கச் சொல்வதைக் கவனியுங்கள். இயற்பியல் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது!

பேக்கரும் காலப்போக்கில் இந்தப் பக்கம் நகர்ந்தார். 1890ஆம் ஆண்டு நூலில், குண்டு உடலுக்குள் விரிந்து, மறுபக்கத் தோலுக்கடியில் தங்கிவிட வேண்டும். அப்போதுதான் அதன் ஆற்றல் முழுவதும் விலங்கின் உடலிலேயே செலவாகும் என்று வாதிட்டார். கணக்கின்படி இது சரி. துளைத்து வெளியேறும் குண்டு எஞ்சிய ஆற்றலைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. ஆனால் முடிவு பாதிதான் சரி. வயிற்றில் செலவான 3,000 ஜூலும் நுரையீரலில் செலவான 3,000 ஜூலும் எண்ணளவில் ஒன்றே, மானுக்கு ஒன்றல்ல. நுரையீரலோ இதயமோ கிழிந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, மூளைக்கு உயிர்வளி நின்று, பத்துப் பதினைந்து நொடியில் நினைவு போகும். வயிற்றில் பட்டால் அது காட்டுக்குள் ஓடி, பல மணி நேரம் துடித்துச் சாகும். தப்பான கணக்குக்கு நாம் மதிப்பெண் இழக்கிறோம். இங்கே ஒரு உயிர் வதைபடுகிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. நம் சுரங்கத்தில் 1,400 லிட்டர் வாளிகளைச் சக்கரத்தில் சுமந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் உண்டு. ஆனாலும் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடினமான கடலூர் மணற்கல்லில் வாளியின் பற்கள் தேய்ந்துபோகும். வெடிவைத்துப் பாறையைத் தளர்த்த வேண்டியிருக்கும். வாளி எவ்வளவு பெரியது என்ற எண் மட்டும் எவ்வளவு வெட்டும் என்பதைச் சொல்லாது. பல்லையும் பார்க்க வேண்டும், பாறையையும் பார்க்க வேண்டும். குண்டின் கதையும் அதுவே.

நூலின் மீது எனக்குள்ள பெரிய குறை இன்னொன்று. வேட்டை நூல்கள் வெற்றிகளால் ஆனவை. ஒரு வகைக் குண்டால் விழுந்த விலங்குகளின் கதை வருகிறது. அதே குண்டை வாங்கிக்கொண்டு ஓடி மறைந்தவை எத்தனை என்ற பட்டியல் வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் சரியாக வந்த அளவீடுகளை மட்டும் எழுதி மற்றவற்றை அடித்துவிடும் மாணவரின் பதிவேட்டை நாம் ஏற்போமா? பெல்லுக்கும் இது பொருந்தும். அவர் அசாதாரணக் குறிகாரர். அவர் கையில் போதுமானதாக இருந்த சிறு குண்டு, நடுங்கும் கையிலும் போதும் என்று முடிவு கட்டக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நுவரெலியா மலைக்காடுகளில் பேக்கர் ‘எல்க்’ வேட்டையாடியது பெரும்பாலும் நாய்களையும் வேட்டைக்கத்தியையும் கொண்டுதான். எல்க்குக்கு எந்தக் குண்டு ஏற்றது என்ற கேள்விக்கு அவருடைய நூல் நேரடியாக அளிக்கும் சான்று, அந்தப் பெரிய துப்பாக்கிகளைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவே.

மாணவருக்கு நான் சொன்ன விடை இது: மிளாவோ எல்க்கோ, நடுத்தரக் குழல்விட்டமே போதும், குண்டு அந்த உடலுக்கேற்ப விரிய வேண்டும், சுடுபவர் கூச்சமின்றிக் குறிவைக்கக்கூடிய உதைப்பாக இருக்க வேண்டும், உறுதியில்லாத தூரத்தில் சுடாமல் இருக்க வேண்டும். நான்கில் கடைசிதான் முதன்மையானது. அதைக் கடையில் வாங்க முடியாது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மிளா வேட்டையைத் தடுத்துவிட்டது. பேக்கர் திரிந்த ஹார்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே மரைகள் இன்று பயணிகள் பார்க்க மேய்கின்றன. ஆகவே நம்மில் எவரும் துப்பாக்கி தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஆயினும் மோட்டார் வாங்கும்போதும் பம்புசெட் வாங்கும்போதும் பெரிய எண் ஒன்றைக் காட்டி நம்மை மயக்குவார்கள். அந்த எண் எங்கே அளக்கப்பட்டது, எதன் மீது செயல்படப் போகிறது, தோற்றவை எத்தனை என்று கேளுங்கள். பேக்கரின் நூலையும் படியுங்கள். பென்சிலைக் கீழே வைத்துவிடாமல் படியுங்கள்.